கேம்ப் போவதற்கு முந்தைய சனி ஞாயிறு

அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஜவ்வாது மலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி காலை சென்னையிலிருந்து கிளம்பி, இரண்டு ராத்திரி கூடாரத்தில் தங்கி, ஞாயிறு மாலை திரும்புவது திட்டம். வண்டி பேசியாகிவிட்டது, இடத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. இந்தச் சனி ஞாயிறில் இனி செய்ய ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். துணி துவைத்து, கறிக்கடைக்குப் போய் வந்து, மதியம் ஒரு தூக்கம் போட்டால் திங்கள்கிழமை வந்துவிடும்.

ஆனால் கேம்ப் நன்றாக அமைவதும் சொதப்புவதும் பெரும்பாலும் இந்த இரண்டு நாளில்தான் முடிவாகிறது. அதிலும் முக்கியமாக ஒரு வேலை இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி உங்கள் மொட்டை மாடியில் கூடாரம் அடித்து, அதற்குள் படுத்துத் தூங்கிப் பாருங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது இதைத்தான்.

நாங்கள் முதல்முறை போனபோது மூன்று கூடாரங்களில் ஒன்றின் கழிகள் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. துணி வந்துவிட்டது, கழி வரவில்லை. மலையில் இருட்டிய பிறகுதான் பையைத் திறந்தோம். நாலு பேர் அந்த ராத்திரி வேனுக்குள் உட்கார்ந்தபடி தூங்கினார்கள். ஒரு வாரம் முன்பே அந்தப் பையை ஒருமுறை பிரித்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வெள்ளி ராத்திரி: இடத்துக்காரருக்கு ஒரு போன்

முன்பணம் கட்டியபோது படத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முதல் கேள்வி, அது பட்டா நிலமா? தோட்டத்திலோ வயல் ஓரத்திலோ உரிமையாளர் அனுமதியோடு தங்குவது ஒன்று, காப்புக்காட்டுக்குள் போய்க் கூடாரம் அடிப்பது வேறு. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ராத்திரி தங்குவது சட்டப்படி குற்றம். "எல்லாரும் போறாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அந்த இடமே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையையும் காட்டையும் நேசித்துத்தான் அவர்களும் போனார்கள். அதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சம் வராது.

காட்டுக்குள் நடக்க ஆசை இருந்தால் முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். காட்டுத்தீ காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பொதுவாக மூடிவிடுவார்கள் என்பதால் அதற்கேற்ப நாளைப் பாருங்கள்.

அடுத்து, கழிப்பறை. எத்தனை இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் விழுமா, ராத்திரி விளக்கு இருக்குமா, தண்ணீர் வருமா என்று நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் பெண்கள் இருந்தால் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். பல பெண்கள் கழிப்பறையை நினைத்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து தலைவலியோடு திரும்புகிறார்கள். வண்டி கூடாரம் வரைக்கும் வருமா, குடிக்கத் தண்ணீர் அங்கே கிடைக்குமா, பக்கத்தில் அரசு மருத்துவமனை எங்கே, போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தினசரி காலண்டரை ஒருமுறை புரட்டுங்கள். ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களில் பலர் நட்சத்திரம் பார்க்கத்தான் போகிறார்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலா வெளிச்சத்தில் பாதி நட்சத்திரம் தெரியாது. அமாவாசையை ஒட்டிப் போனால் வானம் கொட்டிக் கிடக்கும். நாளை இன்னும் மாற்ற முடியும் என்றால் இதற்காகவே மாற்றலாம்.

சனி காலை: வேலையைப் பிரிப்பதும் சாமான் கணக்கும்

பன்னிரண்டு பேர் போகும்போது எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். சனி காலை டீ குடிக்கும் நேரத்தில் குழுவில் ஐந்து பெயர் போடுங்கள்: சமையல், கூடாரம், தண்ணீர், மருந்து, பணம். பணம் பார்ப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவிட்டால், வழியில் டீக்கடை டீக்கடையாகக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

சமையல் பொறுப்பு எடுத்தவருக்குத்தான் இன்று உண்மையான வேலை. வீட்டில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு வரும் என்றால் மலையில் ஏழு பேருக்குத்தான் வரும். நடந்து, ஏறி, குளிர்காற்றில் நின்றுவிட்டு வரும் வயிறு கூடுதலாகக் கேட்கும். பன்னிரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றேமுக்கால் கிலோ வையுங்கள்.

நான் கற்றுக்கொண்டதில் மிகவும் உதவியது 'வேளைக்கு ஒரு மூட்டை' என்ற முறை. வெள்ளி ராத்திரி ரசம் சாதம் என்றால் அதற்கான அரிசி, துவரம்பருப்பு, புளி உருண்டை, ரசப்பொடி, தாளிக்கக் கடுகு, மிளகாய், பெருங்காயம் எல்லாம் ஒரே துணிப்பைக்குள். மேலே ஒரு காகிதத்தில் 'வெள்ளி ராத்திரி' என்று எழுதிக் கட்டிவிடுங்கள். சனி காலை உப்புமா என்றால் வறுத்த ரவை, கடலைப்பருப்பு, முந்திரி அதற்கு ஒரு பை. இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், பசியோடு பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது கடுகு எங்கே என்று தேடும் பாடு இருக்காது. உப்பை மட்டும் இரண்டு இடத்தில் வையுங்கள். தீப்பெட்டியை மூடி போட்ட டப்பாவில் போடுங்கள், பனியில் நமுத்துப்போகும்.

முதல் நாள் மதியத்துக்குச் சமைக்கத் திட்டமிடாதீர்கள். போய்ச் சேர்ந்து கூடாரம் அடிக்கவே நேரம் சரியாக இருக்கும். வீட்டிலிருந்தே புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதம் வேண்டும் என்றால் பால் கூடுதலாக ஊற்றிப் பிசைந்து, கொஞ்சமாகத் தயிர் விட்டால் மதியம்வரை புளிக்காது.

அடுப்புக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும். ரெகுலேட்டரை இன்றே மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வேனில் நிமிர்த்தி வைத்துக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். ரயிலில் போவதாக இருந்தால் சிலிண்டருக்கு அனுமதி இல்லை, இடத்துக்காரரிடம் அடுப்புக்குச் சொல்லிவைக்க வேண்டும். காற்றில் தீ அணையாமல் இருக்க அடுப்பைச் சுற்றி மறைக்க ஒரு தகரமோ பழைய அட்டைப்பெட்டியோ தேவை. அட்டை என்றால் தீயிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

தண்ணீர்க் கணக்கை வாய்க்கணக்காக விடாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். பன்னிரண்டு பேருக்கு 48 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேனில் இரண்டரை. இரண்டு நாளுக்கு ஐந்து கேன். பாத்திரம் கழுவ, கைகால் கழுவ அங்கே இருக்கும் கிணறோ குழாயோ போதும். வழியில் சின்ன பாட்டில்களாக வாங்கிக் குவிப்பதைவிடக் கேனும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் நல்லது. 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆளுக்கொரு தட்டு, ஒரு டம்ளர் என்று வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லிவிட்டால் குப்பை பாதியாகக் குறையும்.

சனி மாலை: மொட்டை மாடிக்கு வாருங்கள்

வாடகைக்கு எடுத்ததோ புதிதாக வாங்கியதோ, கூடாரத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். உள்கூடாரம், மேல் உறை, கழிகள், முளைகள், கயிறு. ஒவ்வொரு கழியையும் பூட்டிப் பாருங்கள். உள்ளே ஓடும் ரப்பர் கயிறு அறுந்திருந்தால் துண்டு துண்டாக வந்துவிடும். ஜிப்பை மூலைவரை இழுத்துப் பாருங்கள். நாலு பேர் கூடாரம் என்று பையில் போட்டிருந்தால் மூன்று பேருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள், பைகளுக்கும் இடம் வேண்டும் அல்லவா?

மாடித் தளத்தில் முளை அடிக்க முடியாது. குவிந்த கூடாரங்கள் கழியின் பலத்திலேயே நிற்கும், நாலு மூலையிலும் தண்ணீர் கேனோ செங்கல்லோ வைத்துக் கட்டிவிட்டால் போதும். முதல்முறை வெளிச்சத்தில் அடியுங்கள். பிரித்துவிட்டு, இருட்டிய பிறகு டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அடியுங்கள். முதல்முறை நாற்பது நிமிடம் ஆனது இரண்டாம் முறை பதினைந்து நிமிடத்தில் முடியும். தலையில் மாட்டும் டார்ச் ஏன் நல்லது என்பதும் அப்போதே புரிந்துவிடும், இரண்டு கையும் வேலைக்கு வேண்டியிருக்கும்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரை மக் மக்காக மேல் உறைமேல் ஊற்றுங்கள், முக்கியமாகத் தையல் ஓடும் இடங்களில். உள்ளே கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஈரம் வந்தால் அந்த இடத்தில் ஒட்டுப் போடவோ, வாடகைக் கடையில் மாற்றவோ இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

சரி, இப்போது படுங்கள். வீட்டுக்குள் போய்விடலாம் என்ற ஆசை பதினொரு மணிக்கு வரும். போகாதீர்கள். இந்த ஒரு ராத்திரியில் தெரிய வருவது எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. இடுப்பில் எங்கே அழுத்துகிறது, தலையணை இல்லாமல் முடியுமா, குழந்தை நடு ராத்திரி எழுந்தால் ஜிப்பைத் திறக்க எவ்வளவு நேரமாகிறது, பக்கத்தில் படுத்தவர் குறட்டைக்குப் பஞ்சு வேண்டுமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று மாடியில் பாதி ராத்திரியில் பயந்து அழுதது. கீழே கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்து மறுபடி அழைத்து வந்தோம். மலையில் அதே பிள்ளைதான் முதலில் தூங்கியது.

குளிரைப் பற்றி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஜவ்வாது மலையில் காவலூர் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்து டிகிரி குறைவு. கடலோரச் சென்னையின் வெதுவெதுப்பும் அங்கே கிடையாது. மாடியில் ஒரு போர்வை சரியாக இருந்தால் மலைக்கு இரண்டு. அதைவிட முக்கியம், கீழே விரிப்பது. மேலே எத்தனை போர்த்தினாலும் தரை நம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஸ்லீப்பிங் பேக் மட்டும் போதாது, அதற்கடியில் ஃபோம் பாய் வேண்டும். அது இல்லாவிட்டால் கோரைப்பாயும் அதன்மேல் மடித்த ஜமக்காளமும்.

காலையில் எழுந்தால் கூடாரத்தின் உள்பக்கம் நனைந்திருக்கலாம். ஓட்டை என்று பயப்படாதீர்கள். உள்ளே படுத்தவர்களின் மூச்சுக்காற்று குளிர்ந்த துணியில் பட்டு நீராவதுதான் அது. மேலே இருக்கும் காற்றுத் திறப்பை ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள், வலை இருப்பதால் கொசு வராது. காற்றைப் பற்றிப் பேசும்போதே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

தூக்கம் வராத நேரத்தில் மேலே பாருங்கள். ஜனவரி மாதம் என்றால் சென்னை வெளிச்சத்திலும் சிலது தெரியும். கொத்தாக இருப்பது கார்த்திகை. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ரோகிணி. அடுத்து மிருகசீரிடம், அதையொட்டிச் செம்மையாகத் திருவாதிரை. பஞ்சாங்கத்தில் அடுத்தடுத்து வரும் நாலும் வானத்திலும் அடுத்தடுத்து நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கே தாழ்வாக, பளிச்சென்று அகத்திய நட்சத்திரம். இதை மாடியில் பழகிவிட்டால் மலையில் ஆயிரக்கணக்கில் தெரியும்போது குழம்பாது. காவலூரில்தான் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு, உங்கள் தேதிக்கு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் ராத்திரி பெரிய விளக்குகளை எரிய விடாதீர்கள். இருட்டுக்காகவே தேர்ந்தெடுத்த மலை அது.

ஞாயிறு காலை: பை, மருந்து, பாம்பு

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கை சட்டை, கால்வரை மூடும் பேன்ட், ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, மூன்று ஜோடி சாக்ஸ், மழைக்கு ஒரு கோட். புது ஷூ வாங்கியிருந்தால் இன்றே போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வாருங்கள். மலையில் முதல்முறை போட்டால் குதிகால் கொப்பளித்துவிடும். ஒரே பைக்குள் எல்லாவற்றையும் வைத்து, மாட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் பையைத் திறந்து மூன்று பொருளை வெளியே எடுங்கள்.

மருந்துப் பையில் அவரவர் தினமும் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாள் கூடுதலாக இருக்கட்டும். பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கட்டுத்துணி, டெட்டால், சானிட்டரி நாப்கின், கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரையும் எலுமிச்சையும்.

பாம்பைப் பற்றிப் பயமுறுத்தவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது நம் ஊரில் நடப்பதுதான். ஜிப் போட்ட கூடாரம் அதற்கு நல்ல பாதுகாப்பு, ஆனால் ஜிப்பை முழுக்கப் போட்டால்தான். ராத்திரி வெளியே போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம், செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். விறகைக் கையால் துழாவாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசையாமல் ஒரு பலகையோடு கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108ஐ அழையுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. அதனால் "ஒன்றும் இல்லை, காலையில் பார்க்கலாம்" என்று விடவே கூடாது.

கூடாரம் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் இன்றே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கிளையுள்ள மரத்தடியும் பலா மரத்தடியும் வேண்டாம். ஓடைப் பள்ளம் காய்ந்து கிடந்தாலும் வேண்டாம், மேலே எங்கோ பெய்யும் மழை அங்கேதான் வரும். சரிவாக இருந்தால் தலை மேட்டுப் பக்கம். சமையல் இடம் கூடாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி. விறகுத் தீ மூட்டுவதானால் இடத்துக்காரர் காட்டும் குழியில் மட்டும். தூங்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலில் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை விடாதீர்கள்.

அங்கே வாழ்கிறவர்களைப் பற்றியும் குழுவில் ஒரு வார்த்தை போடுங்கள். ஜவ்வாது மலையில் 'மலையாளி' என்ற பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) பல தலைமுறையாக இருக்கிறார்கள். நாம் அவர்கள் ஊருக்கு விருந்தாளியாகப் போகிறோம். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். சாமையும் தேனும் அவர்களிடமே வாங்குங்கள். பேரம் பேசி அஞ்சு பத்து குறைக்காதீர்கள், வீட்டுக்கு வந்து சாமைப் பொங்கல் செய்யும்போது அந்தக் காசு உறுத்தாமல் இருக்கும். குப்பைக்கென்று இரண்டு கோணிப்பை எடுத்து வையுங்கள். நம் குப்பை நம்மோடு திரும்பி வர வேண்டும், நாப்கின் உட்பட.

ஞாயிறு மாலை: மடித்து வைப்பது

கூடாரத்தை வெயிலில் நன்றாகக் காயவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு உருட்டி வைத்தால் ஐந்து நாளில் பூசணம் பூத்து வாடை வந்துவிடும். முளைகளை எண்ணிக் கூடாரப் பைக்குள்ளேயே போடுங்கள். கழிகளும் அதே பையில். தனிப்பையில் வைத்தால்தான் பரணில் தங்கிவிடும்.

வீட்டில் இருக்கப்போகிறவர் ஒருவரிடம், அம்மாவோ அண்ணனோ, ஒரு தாளைக் கொடுங்கள். எங்கே தங்குகிறோம், இடத்துக்காரர் எண், வண்டி எண், ஓட்டுநர் எண், ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவோம். "மலையில் சிக்னல் இருக்காது, கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, ஆனால் ஞாயிறு ராத்திரி பத்து மணிவரை போன் வரவில்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு" என்று நேரில் சொல்லுங்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர்வரை வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். பைகளைக் கதவோரம் வைத்துவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போங்கள். வியாழன் ராத்திரி புளிக்காய்ச்சல் கிளற வேண்டும், பவர் பேங்கைச் சார்ஜில் போட வேண்டும், வெள்ளி விடிகாலை இட்லி ஊற்ற வேண்டும். மீதியெல்லாம் ஏற்கெனவே கதவோரத்தில் இருக்கிறது.